மழை வந்துவிட்டது, தண்ணீர்க் கட்டுப்பாடு ஏன் போகவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மூன்று வருடம் வானத்தைப் பார்த்தே ஓய்ந்துபோன பிறகு மழை பிடித்துக்கொண்டால் வரும் சந்தோஷம் சொல்லி மாளாது. முதல் நாள் நனைகிறோம். இரண்டாம் நாள் தெருவெல்லாம் தண்ணீர். மூன்றாம் நாள், செடிக்குக் குழாய் பிடிக்கக் கூடாது, வண்டி கழுவக் கூடாது என்ற உத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் நியாயமானதுதான். அந்த வாரங்களில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரமாகக் கொட்டித் தீர்த்துவிட்டதே, கட்டுப்பாட்டை இன்னும் ஏன் எடுக்கவில்லை?

மழை பெய்த நாள் வேறு, வறட்சி முடிந்த நாள் வேறு. வறட்சி ஒவ்வொரு படியாக இறங்கும். முதலில் மழை குறைகிறது. அப்புறம் மண் காய்கிறது. அப்புறம் ஆறும் ஏரியும் அணையும் வற்றுகின்றன. கடைசியாக நிலத்தடி நீர் கீழே போகிறது. சரியாவதும் அதே வரிசையில்தான். மழை இன்றைக்கே வந்துவிடும், மண் நனையச் சில வாரம் பிடிக்கும், அணை நிரம்ப ஒரு பருவமோ இரண்டோ ஆகும், நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு வர வருடங்கள்கூட ஆகலாம். கட்டுப்பாடு விதிக்கிறவர்கள் கையிருப்பு எவ்வளவு, அது எத்தனை மாதம் தாங்கும், அடுத்த பருவம் பொய்த்தால் என்ன செய்வது என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2015-இல் தொடங்கிய வறட்சி முற்றி, 2018 பிப்ரவரி 1 முதல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று உத்தரவு போட்டார்கள். ஷவரில் ஐந்து நிமிடம் நின்றாலே அந்த 50 லிட்டரும் காலியாகிவிடலாம். குடிப்பது, துவைப்பது, கழிப்பறை எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். அந்த வருடத்தின் நடுவில் மழை வந்தது. அணைகளின் இருப்பு 70 சதவீதத்தைத் தாண்டிய பிறகும், அக்டோபர் 1-ஆம் தேதி 50 லிட்டரை 70 லிட்டராக மட்டும் உயர்த்தினார்கள். டிசம்பரில் அது 105 லிட்டர் ஆனது. முக்கால்வாசி நிறைந்த அணையை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று அப்போதும் கேட்கத்தான் செய்தார்கள். அடுத்த குளிர்கால மழை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத நிலையில், படிப்படியாக விட்டதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் மாதக்கணக்கில் இழுக்குமா?

இல்லை, சில சமயம் சட்டென்று நிலைமை மாறும். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2020 பிப்ரவரியில் சில நாள் பெய்த பெருமழையில், 40 சதவீதத்தை ஒட்டிக் கிடந்த நீர் இருப்பு அந்த மாதத்துக்குள்ளேயே 80-ஐத் தொட்டது. மார்ச் 1-ஆம் தேதியே கட்டுப்பாட்டை ஒரு படி இறக்கிவிட்டார்கள். ஆனாலும் ஒரு படிதான். மீதிக் கட்டுப்பாடு விலக டிசம்பர் வரை ஆனது.

நல்ல மழைதான் பெய்தது. அணை ஏன் ஏறவே இல்லை?

மண் குடித்துவிட்டது. கேட்டால் சமாளிப்புப் போல இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் தண்ணீர் இருந்த இடமெல்லாம் வறட்சியில் காற்றாகிவிடுகிறது. முதல் மழை அந்த இடத்தை நிரப்பத்தான் போகும். அது நிரம்பிய பிறகு பெய்வதுதான் ஓடையாகி, ஆறாகி, அணைக்கு வரும். உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மரங்களும் இந்த நேரத்தில்தான் ஆசைதீர உறிஞ்சும்.

இதனால் மழைக்கும் அணைக்கு வரும் நீருக்கும் நேர்க்கணக்கு கிடையாது. மழை கால்பங்கு குறைந்தால் நீர்வரத்தும் கால்பங்குதான் குறையும் என்று நினைத்துவிடுகிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் 1970-களின் நடுவிலிருந்து மழை ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம்தான் குறைந்தது. அணைகளுக்கு வந்த நீரோ பாதிக்கும் மேல் குறைந்துபோனது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இது உண்மையிலேயே கவலை தரும் விஷயம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 2009-ஐ ஒட்டி முடிந்த நீண்ட வறட்சிக்குப் பிறகு ஆற்றுப்படுகைகளை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மழை திரும்பி ஏழு வருடம் ஆன பிறகும், மூன்றில் ஒரு பங்குப் படுகைகளில் ஓடும் நீர் பழைய அளவுக்கு வரவில்லை. அதே மழை பெய்கிறது, ஆற்றில் வரும் தண்ணீர் மட்டும் குறைவு. வறட்சி நிலத்தின் குணத்தையே மாற்றிவிட்டுப் போகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மண் அவ்வளவு குடிக்கிறது என்றால், வெள்ளம் எப்படி வருகிறது?

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே ஊரில், ஒரே நாளில் நடக்கலாம். வாரக்கணக்கில் தண்ணீர் விடாத பூந்தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றிப் பாருங்கள். மண் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் அடியில் கொட்டிவிடும். மேலே கொஞ்சம் குளமாக நிற்கும். விரலை விட்டுப் பார்த்தால் மண் உள்ளே பொடியாகவே இருக்கும். காய்ந்த நிலமும் அப்படித்தான். மேல்பரப்பு இறுகி, சில இடங்களில் மக்கிய இலைதழைகளின் மெழுகுப் பூச்சும் படிந்து, தண்ணீரை ஒட்டவிடாது. காட்டுத்தீ பட்ட மலைச்சரிவாக இருந்தால் இது இன்னும் மோசம். மெல்லிய தூறலாக நாலு நாள் பெய்தால் மண் இளகி வாங்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் வாங்க நேரமில்லை, வழிந்து ஓடிவிடும். பெய்தும் கெடுத்தது, காய்ந்தும் கெடுத்தது என்று சொல்வது இதைத்தான்.

போதாததற்கு, ஊருக்குள் பெய்யும் மழை அணைக்குப் போவதில்லை. அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி எங்கோ மலைப்பக்கம் இருக்கும். நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் அதே வேளையில் அங்கே வெறும் சாரல் அடித்திருக்கலாம். தெருவில் நிற்கும் அந்தத் தண்ணீர் சாக்கடை, கால்வாய் வழியாகக் கடைசியில் கடலுக்கோ கீழே உள்ள ஆற்றுக்கோ போய்ச் சேரும்.

அணையில் 40 சதவீதம் இருக்கிறது என்கிறார்கள். அதெல்லாம் குடிக்கக் கிடைக்குமா?

முழுதும் கிடைக்காது. அணையின் அடிமட்டத்தில், மதகுக்கும் கீழே கிடக்கும் தண்ணீரை வழக்கமான வழியில் எடுக்க முடியாது. எடுத்தாலும் சேறும் சகதியுமாக வரும், சுத்திகரிக்கப் படாத பாடு படவேண்டும். கேப் டவுனில் அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் பெரும்பாலான வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, ஆளுக்கு 25 லிட்டர் வீதம் பொது இடங்களில் வரிசையில் நின்று பிடித்துக்கொள்ளச் சொல்வது என்று திட்டமிட்டிருந்தார்கள். மீதமிருந்ததில் பெரும்பங்கு எடுக்கவே கடினமான தண்ணீர் என்பதால்தான் அந்த வரம்பு. நல்லவேளையாக அந்த நாள் வரவில்லை. இது போக, திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து வெயிலும் காற்றும் தினமும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும்.

எங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டு, அணையிலிருந்து தண்ணீரைத் திறந்து விடுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வி கேட்கும்போது குரல் உயர்வது எனக்குப் புரிகிறது. குடத்தை எண்ணி எண்ணித் தண்ணீர் பிடித்தவருக்கு, மதகு வழியாகப் பொங்கிப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆனால் பல அணைகளுக்கு இரண்டு வேலை உண்டு. தண்ணீரைச் சேர்ப்பது ஒன்று, வெள்ளத்தைத் தடுப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு அணை நிறைந்திருக்க வேண்டும், இரண்டாவதற்குக் காலியாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக்கு மேலே உள்ள வைவன்ஹோ அணையை 1974 வெள்ளத்துக்குப் பிறகு இப்படி இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினார்கள். குடிநீருக்கான அளவு நிறைந்தால் 100 சதவீதம் என்று கணக்கு, அதற்கு மேல் வெள்ளத்தைத் தாங்கத் தனி இடம். 2007-இல் அந்தப் பகுதி அணைகளில் மொத்த இருப்பு 20 சதவீதத்துக்கும் கீழே போய், ஆளுக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்து ஊரே சிக்கனம் பிடித்தது. நாலே வருடம் கழித்து, 2011 ஜனவரியில், அதே வைவன்ஹோவின் மட்டம் 190 சதவீதத்தை எட்டியது. தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று, பிரிஸ்பேனில் வெள்ளம் புகுந்தது. வறட்சியின் நினைவு பசுமையாக இருக்கும்போது ஒரு அணையை வெள்ளத்துக்காகக் காலியாக வைத்திருப்பது எவ்வளவு கடினமான முடிவு என்பதை யோசித்துப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் இன்னொரு விதம். 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி, 2015-இல் நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி ஆளுநர் உத்தரவு. அடுத்து 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணை நிரம்பி, உபரிநீர் போகும் வழியே அரித்துப் பெயர்ந்துவிட, கீழே வாழ்ந்த சுமார் 1,88,000 பேரை அவசரமாக வெளியேறச் சொன்னார்கள். அணை உடைந்துவிடுமோ என்ற பயத்துக்கு முன்னால் சில நாள் தண்ணீர் போவது பெரிதல்ல.

திறந்துவிட்ட தண்ணீர் முழுக்க வீணும் அல்ல. ஆற்றோரக் கிணறுகளில் ஊறுகிறது, முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தள்ளிவைக்கிறது.

நிலத்தடி நீர் எப்போது ஏறும்?

ஆழம் குறைந்த கிணறு என்றால் ஒரு நல்ல பருவத்திலேயே ஊற்று தெரியும். ஆழ்துளைக் கிணறு வேறு கதை. மேலிருந்து பாறை இடுக்கு, மணல், களிமண் எல்லாவற்றையும் கடந்து தண்ணீர் அங்கே இறங்க நாளாகும். அதற்குள் எல்லோரும் மறுபடி மோட்டாரைப் போட்டுவிடுவதால் ஏறியதும் தெரியாது.

கலிபோர்னியாவில் 2017 ஏப்ரலில் வறட்சி அவசரநிலையை மாநிலம் முழுக்க விலக்கியபோது நான்கு மாவட்டங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அங்கே கிணறுகள் வற்றிக் கிடந்தன, வெளியே எவ்வளவு பெய்தும் வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. அந்த மாநிலத்தின் நடுப் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நடந்திருக்கிறது. அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அடியில் இருந்த களிமண் படுகைகள் நசுங்கி, நிலமே கீழே இறங்கிவிட்டது. நசுங்கிய களிமண் மறுபடி விரியாது. அந்த இடத்தில் முன்பு இருந்த சேமிப்பு இனி எவ்வளவு மழை பெய்தாலும் திரும்பாது. போர் போட்டிருக்கிறோம், எங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். உங்கள் போருக்கும் பக்கத்து வீட்டுப் போருக்கும் அடியில் சுவர் கிடையாது.

மழைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. குடிக்கலாமா?

அதிகாரிகள் என்ன அறிவித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அறிவிப்பு தெளிவாக இல்லை என்றால் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

நீண்ட வறட்சியில் நிலத்தின் மேல் சேர்ந்த சாணம், தூசி, காய்ந்த தழை, தீப்பட்ட காடாக இருந்தால் சாம்பல், இத்தனையும் முதல் பெருமழையில் அடித்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்கு வருகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தால் அவ்வளவு கலங்கலை ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாமல் போகலாம். 1998-இல் சிட்னியில் பெருமழையை ஒட்டி, குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற இரண்டு ஒட்டுண்ணிகள் இருப்பதாகப் பரிசோதனைகள் காட்டவே, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவே திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டார்கள். இதில் கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அசையாது. கொதிநிலைக்குப் போனால் செத்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள் என்றால் மூன்று நிமிடம். கலங்கல் அதிகமாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடிகட்டிவிட்டு அப்புறம் கொதிக்க வையுங்கள்.

கலங்கலுக்குக் காரணம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். அந்த இழுபறியில் மண்ணுக்குள் கிடக்கும் குழாய்கள் விரிசல் விடும். விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் வெளியே தேங்கிய அழுக்கு நீர் அந்த விரிசல் வழியாக உள்ளே கசியும். எனவே முறைத்தண்ணீர் திறந்ததும் முதலில் வரும் இரண்டு மூன்று வாளியைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கொட்டவும் வேண்டாம், கழிப்பறைக்கு ஆகும்.

கிணறு வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது.

தெளிவை நம்ப வேண்டாம். இறைத்து வெளியேற்றி, குளோரின் போட்டு, பரிசோதனையில் சரி என்று வந்த பிறகே குடிக்க வேண்டும். மோட்டாரும் நனைந்திருந்தால் தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

கட்டுப்பாடு இருக்கும்போது மழைநீரைப் பிடித்து இஷ்டம்போல் பயன்படுத்தலாமா?

பெரும்பாலான இடங்களில் கட்டுப்பாடு குழாய்த் தண்ணீருக்குத்தான், கூரையில் விழும் மழைக்கு இல்லை. சில இடங்களில் விதி வேறாக இருக்கும் என்பதால் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். வழியில் கொஞ்சம் சிந்தினாலும், ஆளுக்கு 50 லிட்டர் காலத்தில் அது ஒரு நாலு பேர் குடும்பத்துக்கு நாலைந்து நாள் தண்ணீர்! முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, அதுவரை வீணாகப் போன மழையெல்லாம் ஞாபகத்துக்கு வந்து மனசு கனத்தது. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். கூரையில் உள்ள எச்சம், தூசி எல்லாம் அதில்தான் வரும்.

தொட்டியை மூடி வைப்பதில் அலட்சியம் கூடாது. டெங்கு பரப்பும் கொசு பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். வறட்சியில் வெளியே வரிசையாக வைத்த வாளிகளும் டிரம்களும் இதற்குத் தோதான இடம். வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

செடிகளுக்கும் மரங்களுக்கும் இப்போது தண்ணீர் விடவேண்டுமா?

மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருந்தால் வேண்டாம். மேலே சேறாகவும் கீழே பொடியாகவும் இருந்தால், சேமித்த மழைநீரைக் கொஞ்சமாக விட்டு, ஊறவிட்டு, மறுபடி கொஞ்சம் விடுங்கள். தழையையும் சருகையும் மேலே போட்டு மூடினால் ஈரம் நிற்கும். பெரிய மரங்களைக் கவனமாகப் பார்க்கவேண்டும். வறட்சியில் வேர் செத்திருக்கும், மழையில் மண் இளகியிருக்கும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். அடியில் மண் வெடித்தோ மேடுதட்டியோ இருந்தால் அதன் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

புல் தளிர்த்துவிட்டது. மாடுகளை மேயவிடலாமா?

புல்லில் விடலாம். சோளப் பயிர் என்றால் பொறுங்கள். வறட்சியில் வாடி, மழையில் புதிதாகத் துளிர்த்த சோளத்தட்டையில் சயனைடு விஷம் அதிகம். பசித்த மாடு அவசரமாக மேய்ந்தால் சிறிது நேரத்திலேயே விழுந்துவிடும். பயிர் இரண்டு அடிக்கு மேல் வளரட்டும், கால்நடை மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள், வறண்ட ஆற்றையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய காட்சி. ஆனால் கரையிலிருந்து தள்ளி நில்லுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரையும் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய காரை இழுத்துக்கொண்டு போகும். மேலே எங்கோ பெய்த மழையின் தண்ணீர், இங்கே வெயில் அடிக்கும்போதுகூட வந்து சேரலாம்.

நாங்கள் இவ்வளவு சிக்கனமாக இருந்தும் தண்ணீர்க் கட்டணத்தை ஏன் ஏற்றுகிறார்கள்?

குழாய், பம்பு, சுத்திகரிப்பு, ஆள் சம்பளம் எல்லாம், தண்ணீர் குறைவாக விற்றாலும் அதே செலவுதான். விற்பனை குறைந்தால் பற்றாக்குறை விழுகிறது. காரணம் புரிகிறது என்பதற்காக அதை நியாயம் என்று சொல்லமாட்டேன். சிக்கனமாக இருந்த வீட்டுக்குச் சுமை ஏறாமல், கூடுதலாகச் செலவழிப்பவரிடம் கூடுதலாக வாங்கும் படிநிலைக் கட்டணமே சரியானது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் கட்டுப்பாட்டை மீறுகிறார். புகார் செய்யலாமா?

முதலில் நேரில் பேசுங்கள். அவர் விடுவது மழைநீராகவும் இருக்கலாம். பல வீடுகளில் தண்ணீர் போவது சொட்டும் குழாயிலும் கழிப்பறைத் தொட்டிக் கசிவிலும்தான், அது அவருக்கே தெரிந்திருக்காது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் வருடத்துக்கு 10,000 லிட்டருக்கு மேல் போய்விடும். கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடியைக் கலந்து, அரைமணி நேரம் தண்ணீர் விடாமல் இருந்து, கீழே கோப்பையில் நிறம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு எப்போது விலகும் என்று நாமே கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். மழை எத்தனை மில்லிமீட்டர் என்ற செய்தியோடு நிறுத்தாமல் அணையின் நீர்வரத்தையும் இருப்பையும் பாருங்கள். மழை நின்று பத்து நாள் கழித்தும் வரத்து தொடர்ந்தால் மேலே மண் நிறைந்துவிட்டது என்று பொருள். பருவம் முடியும் தேதியில் இருப்பு, போன வருடங்களின் அதே தேதி இருப்போடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பருவத்தின் நடுவில் 60 சதவீதம் என்றால் இன்னும் ஏற வாய்ப்பிருக்கிறது, பருவம் முடிந்த பின் அதே 60 என்றால் இனி இறக்கம்தான். பெரும்பாலும் வண்டி கழுவுவதற்கும் தோட்டத்துக்குமான தடை முதலில் தளரும், நீச்சல் குளம் நிரப்புவது போன்றவை பின்னால் வரும். அதுவரை குளித்த தண்ணீரைப் பிடிக்கும் அந்த வாளி குளியலறையிலேயே இருக்கட்டும்.